அறுபது மீற்றர் போகும் வெளிச்சம்

கிளிநொச்சியில், பெரிய வீதிக்கு முதுகு காட்டிய கடை.
அமலதாஸ் கண்ணாடி மேசையில் மூன்று பிளாஷ்களை
நிமிர்த்தி வைக்கிறார், கழுத்தைத் திருப்பிப் பார்க்கும்
மூன்று கறுப்புக் கொக்குகள் மாதிரி.
"இது அறுபது மீற்றர் போகும் தங்கச்சி."

எனக்கு அறுபது மீற்றர் வேண்டாம்.
என் வெளிச்சம் போகவேண்டிய ஆகத் தூரமான இடம்
பந்தியின் கடைசி இலை.
அங்கே யாரோ ஒருவர்
ரசத்துக்குக் கை குவித்தபடி இருப்பார்.
அவ்வளவுதான்.

கையில் சீட்டுக்காசு நாற்பத்தெட்டாயிரம்.
பற்றரியும் அதற்குள் வரவேண்டும்.

போன ஆவணியில் துணுக்காயில் ஒரு கலியாணம்.
வாடகைக்கு எடுத்த பிளாஷ், நாலு பென்ரோச் பற்றரி.
ஐயர் கையை உயர்த்த மேளம் கொட்டியது,
முதல் அடியில் அறுகரிசி எறிகிற கைகள் மட்டும் விழுந்தன.
இரண்டாவதற்கு அது மூச்சு வாங்கியது.
முதுகில் அந்தச் சின்னச் சிவப்பு எரியவில்லை.
ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.
நாலு செக்கனில் முடிச்சு விழுந்துவிட்டது.
அல்பத்தில் அந்தப் பக்கத்துக்கு
நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னத்தை வைத்தேன்.
மீதிக் காசு வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

"அடுத்த அடிக்கு எத்தனை செக்கன் எடுக்கும்?"
அமலதாஸ் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
பெட்டியில் மீற்றர்தான் பெரிய எழுத்தில்.

படித்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்:
தலையைத் தூக்கு, வெள்ளைக் கூரையில் அடி,
வெளிச்சம் அரித்த மாவாய் இறங்கும்.
வெள்ளைக் கூரைக்கு நான் எங்கே போக?
மல்லாவியில் தகரம். விசுவமடுவில் ஓடு.
ஒட்டுசுட்டானில் நீலத் தறப்பாளின் கீழ்
சாமத்தியச் சடங்கு;
மஞ்சள் பூசிய முகம் பச்சையாய் வந்தது.
பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று தாய் கேட்டாள்.

நேரேயும் அடிக்கலாம்.
முகம் சுண்ணாம்பாகும், பரவாயில்லை என்பார்கள்.
ஆனால் திலகநாதர் இருக்கிறார்.
எல்லாச் சபையிலும் காண்கிற மனிசன்,
வாற தையில் அவர் மகளுக்கே கலியாணம்.
நேரே அடித்த படமெல்லாம் அவர் கண் மூடியிருக்கிறார்.
என் விரல் அமர முன்னமே மூடுகிறார்.
"பிளாஷ் அடிக்கப்போறன், பாருங்கோ" என்பேன்.
அந்தச் சொல்லை மாற்றியும் பார்த்தேன்:
பிளாஷ் போடுறன். பிளாஷ் விடுறன்.
இங்கே அந்தச் சொற்களும்
வேலை செய்து களைத்தவை.

நடுவில் நின்றதைத் தூக்கினேன்.
முப்பத்தாறு மீற்றர். லிதியம் பற்றரி. ஒன்றரைச் செக்கன்.
தலை முழுதாய்ப் பின்பக்கமும் திரும்பும்.
"அது பழகிற ஆக்களுக்கு" என்றார் அமலதாஸ்.
பழகிறன் என்றேன்.
பதினொரு வருசமாய் இதுதான் என் தொழில்.

தை. புதுக்குடியிருப்பு மண்டபம்.
உயரத்தில் கறள் பிடித்த தகரம்,
சுவரெல்லாம் ஊதாச் சீலை.
ஒரு துண்டு வெள்ளை தேடி ஒருதரம் சுழன்றேன்.
மணவறைக்கு இடப்பக்கம்
மாப்பிள்ளையின் மாமன்மார் ஐந்து பேர்,
கஞ்சி போட்ட வேட்டி, தோளோடு தோள்.
பிளாஷின் தலையை அவர்கள் பக்கம் திருப்பினேன்.
இடுப்புக்குக் கீழே எனக்கொரு சுவர்!
"கமரா அங்கால, இது ஏன் எங்களைப் பாக்குது?"
அசையாதேங்கோ மாமா என்றேன்.
ஐந்து வேட்டிகளில் பட்ட வெளிச்சம்
மணப்பெண்ணின் தாடையில் மெல்ல ஏறியது.
முடிச்சுக்கு மட்டும் மூன்று படம்.

இரவு வீட்டில் எண்ணிப் பார்த்தேன்.
பதினேழில் திலகநாதரின் கண் திறந்திருக்கிறது.
இன்னும் ஒன்று இருக்கிறது,
அழிக்கவில்லை, அல்பத்துக்கும் கொடுக்கவில்லை.
அதில் எல்லாரும் என்னைப் பார்க்க
அவர் மட்டும் அண்ணாந்து
தகரத்தைப் பார்க்கிறார்,
எங்கிருந்து வந்தது என்று.